பேரை மட்டும்தான் தொட்டேன்

மாஸ்டர் அந்தப் பயிற்சிக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல, வேறு வழியில்லாமல். சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு நூலகத்தின் மாடி அறையில் ஆறு நாள் கம்ப்யூட்டர் வகுப்பு, கட்டணம் கிடையாது, கடைக்கு ஒருவர் வரலாம் என்று வியாபாரிகள் சங்கம் அறிவித்திருந்தது. மாஸ்டர் அந்த அறிவிப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அது தெரிந்துதானோ என்னவோ, சங்கச் செயலாளர் நேரே தையல் கடைக்கே வந்து நின்றுவிட்டார்.

"மாஸ்டர், இப்பல்லாம் ஸ்கூலோ ஆஸ்பத்திரியோ, யார் ஆர்டர் குடுத்தாலும் அளவு லிஸ்டை ஃபைலாத்தான் கேக்கறாங்க. உங்க கடையிலேர்ந்து ஒருத்தராவது வந்தே ஆகணும்."

மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நான் போகலைங்க. ஒரு தடவை போய்ப் பட்டது போதும்," என்றாள்.

அதற்கு மேல் மாஸ்டர் வற்புறுத்தவில்லை. தான் ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேறு. ஏற்கெனவே சூடு பட்டவளை எதற்கு மறுபடியும் இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவள் பட்ட கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மாஸ்டர் மேல் வர வேண்டிய கோபம் நமக்கும் வரும்.

போன வருஷமும் இதே வகுப்பு நடந்தது. அப்போது கடையிலிருந்து போனது அவள்தான். அவளாகவே கேட்டுப் போனாள். பத்தாவதோடு நின்ற படிப்பு அவளுடையது. அவள் அப்பா பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். மூன்று பிள்ளைகளில் இரண்டு பையன்களையும் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, இவள் முறை வந்தபோது கை விரித்துவிட்டார். அதை அவள் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் வகுப்புக்குப் போன முதல் நாள் திரும்பி வந்தவள், வெட்டு மேஜையின் விளிம்பில் பத்து விரலையும் வைத்துத் தட்டிக்கொண்டே பேசிய வேகத்தைப் பார்த்திருந்தால் அந்தக் குறை எவ்வளவு நாளாக உள்ளே கிடந்தது என்று யாருக்கும் புரிந்திருக்கும். மாஸ்டருக்குப் புரியவில்லை. மேஜை மேல் துணி இருக்கிறது, கையை எடு என்றார்.

மூன்றாவது நாள் முடிவதற்குள் அவள் கடையின் வாடிக்கைக்காரர்கள் நாற்பது பேரையும் அட்டவணையாகப் போட்டுவிட்டாள். பெயர், கழுத்து, மார்பு, தோள், கை நீளம், இடுப்பு, கால் நீளம். யாராவது போனில் கேட்டால் நோட்டைப் புரட்டாமல் ஒரு நொடியில் அளவைச் சொன்னாள். அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் ஒன்றும் விளங்காமலே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். தன்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

அந்த மூன்றாவது நாள் சாயங்காலம்தான் பிஸ்கட் தொழிற்சாலை ஆர்டர் வந்தது. நூற்று அறுபது தொழிலாளர்கள், ஆளுக்கு இரண்டு சீருடை, சட்டைப்பையில் பெயர் தைத்துக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் கடை வைத்த இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. நாளையிலிருந்தே அளவெடுக்கப் போக வேண்டும் என்றார்.

"இன்னும் மூணு நாள் வகுப்பு பாக்கி இருக்குங்க," என்றாள் அவள்.

"டைப் பண்ணத் தெரியுது, சேவ் பண்ணத் தெரியுது. அதுக்கு மேல அவங்க என்ன சொல்லித் தரப் போறாங்க? நமக்கு இது போதும்."

"நாளைக்கு லிஸ்டை எப்படி அடுக்கறதுன்னு சொல்லித் தர்றாங்களாம். அது ஒண்ணுக்கு மட்டும் போயிட்டு ஓடி வந்துடறேனே. ரெண்டு மணி நேரம்தான்."

"அடுக்கறதுக்கு ஒரு வகுப்பா? இத்தனை வருஷமா பீரோவுல துணி அடுக்கறவளுக்கு லிஸ்ட் அடுக்கத் தெரியாதா?"

கடையில் இருந்த இரண்டு தையல்காரர்களும் சிரித்தார்கள். காலர் தைப்பதில் கைதேர்ந்ததால் ஒருவருக்குக் காலர்காரர் என்று பெயர். பொத்தான் துளை போடும் இன்னொருவர் காஜாக்காரர். அவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். மறுநாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள்.

ஐந்து நாள் நின்றுகொண்டே நூற்று அறுபது பேருக்கும் அளவெடுத்தாள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பிறகு அவற்றை, அடுப்புப் பிரிவு, பொதி கட்டும் பிரிவு, லாரி ஏற்றும் பிரிவு என்று பிரிவு வாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இரண்டு தடவை சரி பார்த்தாள். முடித்த அன்று மாஸ்டர், கம்ப்யூட்டரில்தான் ஏறிவிட்டதே, இந்தக் குப்பை இனி எதற்கு என்று சீட்டுகளையெல்லாம் வெட்டுத் துணிகளோடு அள்ளிப் போட்டுவிட்டார். அவருக்குச் சுத்தம் முக்கியம்.

அந்தச் சமயம் பார்த்து அவள் அண்ணிக்குப் பிரசவம். அவள் இரண்டு நாள் அங்கே போயிருந்தாள். தொழிற்சாலை மேனேஜர் போன் பண்ணி, உடுப்புகளைப் பெயர் வரிசைப்படி கட்டிக் கொடுத்தால் விநியோகம் செய்யச் சௌகரியம் என்றார். அவள் வரும்வரை மாஸ்டர் காத்திருக்கலாம். கேட்க வேண்டியதை அவளிடம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டார்.

"ரொம்ப சுலபம் மாஸ்டர். பேர் இருக்கிற வரிசையை மேலேர்ந்து கீழ வரைக்கும் இழுத்து நீலமாக்குங்க. மேல ஏ, இசட் போட்ட பட்டன் இருக்கும். ஒரு அமுக்கு."

மாஸ்டர் அப்படியே செய்தார். பெயர்களை மட்டும் நீலமாக்கினார். பட்டனை அமுக்கினார். உடனே ஒரு பெட்டி திறந்து ஆங்கிலத்தில் நாலு வரியில் என்னவோ கேட்டது. கேள்வி கேட்பவர்கள் வாயை அடைப்பதில் மாஸ்டர் கெட்டிக்காரர். அந்த நாலு வரியில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'கன்டின்யூ'. அதைத் தேடிப் பிடித்துத் தொட்டார். பெட்டி மறைந்தது. பெயர்களெல்லாம் சட்டென்று அகர வரிசையில் வந்து நின்றன. மாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. சேவ் பண்ணி, தாளில் அச்செடுத்து, வெட்டு மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டார். அவள் திரும்பி வருவதற்குள் பாதித் துணி வெட்டியாகிவிட்டது.

தொழிற்சாலை முற்றத்தில் நடந்ததை மாஸ்டர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் வந்து வாங்கி, அங்கேயே மேலே போட்டுப் பார்த்தார்கள். மலை மாதிரி இருந்த வாட்ச்மேனுக்குச் சட்டை தோளிலேயே மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பொதி கட்டும் ஒரு பெண் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது, அதற்குள்ளே அவளைத் தேட வேண்டியிருந்தது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இருபது பேர் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மூட்டை அப்படியே வண்டியில் ஏறிக் கடைக்குத் திரும்பியது. மேனேஜரும் கூடவே வந்தார்.

கடையில் அவள் இருந்தாள், இரண்டு தையல்காரர்கள் இருந்தார்கள். பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்க நாள் குறித்ததைச் சொல்ல வந்த அவள் அப்பாவும் இருந்தார். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து லிஸ்டைப் பார்த்தாள்.

"பேரெல்லாம் இடம் மாறியிருக்கே. நான் பிரிவு வாரியாத்தானே போட்டேன்? நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

"பேரை மட்டும்தான் தொட்டேன். வரிசையா அடுக்கினேன், அவ்வளவுதான். அளவு மேல என் கையே படல. உன் தப்பைத் தூக்கி என் தலையில கட்டாதே."

இந்த வார்த்தைகளை அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான் உறைக்கவில்லை. சரி பார்க்கச் சீட்டுகளும் இல்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டு, "அப்ப நான்தான் எங்கியோ ஒரு வரி தாண்டிப் போட்டுட்டேன் போலிருக்கு," என்று மெதுவாகச் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். மேனேஜர் முன்னால் தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று மாஸ்டர் குரலை உயர்த்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உயர்த்தினார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"பத்தாவதோட நின்னவ கையில கம்ப்யூட்டரைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவள் அழவில்லை. அவள் அப்பாதான் நாற்காலியை விட்டு எழுந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை. படிக்க வைக்காதது என் தப்பு," என்றார்.

பிறகு உடுப்புகளைப் பிரித்தார்கள். பிரித்ததை மறுபடி வெட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் துணி வீணானது. மேனேஜர் ஆர்டரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதையெல்லாம் ஒரு வழியாகச் சமாளித்தார்கள். அவள்தான் சமாளிக்கவில்லை. டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டியவள் பிறகு அதைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டர் இருந்த பக்கம் போகவில்லை. ஒரு போன் நம்பரை எழுதினால்கூட மூன்று தடவை திருப்பிப் படித்துவிட்டு, சரியா பாருங்க என்று காலர்காரரிடம் நீட்டினாள். பொத்தான் தைப்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஏன் அக்கா இப்படி என்று அவர் கேட்டதற்கு, "இதுல தப்பினா ஒரு பொத்தான்தான் போகும்," என்றாள்.

அவள் அப்பா அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் மாஸ்டரிடம் அதே பேச்சுதான். என் பொண்ணால உங்களுக்கு நஷ்டம் மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதீங்க என்பார். மாஸ்டரும் ஒவ்வொரு தடவையும், அட விடுங்க மாமா என்பார். ஐந்து மாதம் கழித்து அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். பேச்சு சரியாக வரவில்லை. "அவளை மன்னிச்சுடுங்க," என்பது மட்டும் புரிந்தது. மாஸ்டர் அவர் கையைத் தட்டிக் கொடுத்து, "எப்பவோ மன்னிச்சுட்டேன் மாமா," என்றார். மறுநாள் அவர் போய்விட்டார்.

சாகிற மனுஷனுக்கு நிம்மதி கொடுத்தோம் என்று மாஸ்டர் அதை நினைத்து நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்த ஒன்றிரண்டு சொந்தக்காரர்களிடம் சொல்லவும் செய்தார். மனைவி மட்டும் ஆஸ்பத்திரியிலேயே, "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டிருந்தாள். அவளிடம் ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டார். அதையும் பெருந்தன்மையில்தான் சேர்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷன்தான் நோட்டும் பேனாவுமாக நூலக மாடி ஏறினார்.

முதல் மூன்று நாள் அவர் பாடு பெரும்பாடு. அம்புக்குறி அவர் சொன்ன இடத்துக்கு வராமல் வேறெங்கோ ஓடியது. பக்கத்து நாற்காலியில் சலூன்காரர். அவர் விரல்கள் கத்திரிக்கோலில் மட்டும்தான் வேலை செய்யும் போலிருந்தது. ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கிவிட்டுப் பெருமூச்சு விடுவார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தார்கள். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு முப்பது வயது இருக்கும், கோபமே வராது. முதல் நாளே மாஸ்டரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"தையல் கடைதானே சார்? போன வருஷம் உங்க கடையிலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. மூணு நாளோட நின்னுட்டாங்க. அந்தக் குரூப்லயே அவங்கதான் ஃபர்ஸ்ட். தினமும் நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து படிக்கட்டுல உக்காந்திருப்பாங்க."

மாஸ்டர் வேலை அதிகமாகிவிட்டது என்று எதையோ சொல்லி மழுப்பினார்.

நாலாவது நாள் மதியம் டீச்சர் சுவரில் தெரிந்த பெரிய திரையில் ஒரு அட்டவணை போட்டாள். வகுப்பில் இருந்தவர்களின் பெயர்களும், பக்கத்தில் அவரவர் வயதும்.

"இன்னைக்கு லிஸ்ட் அடுக்கறது. எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. முதல்ல நாமளே அதைப் பண்ணிப் பாத்துடலாம்," என்றாள். பெயர்களை மட்டும் மேலிருந்து கீழ்வரை நீலமாக்கினாள். ஏ, இசட் பட்டனை அமுக்கினாள். ஒரு பெட்டி வந்து நாலு வரியில் என்னவோ கேட்டது.

அந்தப் பெட்டியை மாஸ்டர் முன்பே பார்த்திருக்கிறார்.

"இந்தப் பெட்டி என்ன கேக்குது தெரியுமா? பேரை மட்டும் நகத்தறீங்களே, பக்கத்துல இருக்கிறதையும் சேத்து நகத்தட்டுமான்னு கேக்குது. நம்ம ஆளுங்க படிக்க மாட்டாங்க. கன்டின்யூன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொட்டுடுவாங்க. இப்பப் பாருங்க."

பெயர்கள் இடம் மாறின. வயது அத்தனையும் இருந்த இடத்திலேயே நின்றது. தலை நரைத்த சலூன்காரருக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. வகுப்பே கைதட்டிச் சிரித்தது. அவரும் எழுந்து நின்று மீசையை முறுக்கிக் காட்டினார். மாஸ்டர் மட்டும் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பேரை மட்டும்தான் தொட்டேன், அளவு மேல என் கையே படல. கடை அதிர அன்று அவர் கத்தியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தன் குற்றத்தைத் தானே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, தண்டனையை மட்டும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் கை தூக்கியது அன்றுதான்.

"இப்படி ஆயிட்டா, பாத்தா தெரியுமா டீச்சர்?"

"தெரிஞ்சவங்களுக்குப் பாத்த உடனே தெரியும் சார். பேரு அகர வரிசையில இருக்கும், மத்தது எதுவும் ஒட்டாது. இந்த வகுப்பைத் தாண்டினவங்க யாரும் ஏமாற மாட்டாங்க."

"சேவ் பண்ணி மூடிட்டா எல்லாம் போச்சா?"

"திருப்பறது கஷ்டம். ஆனா ஒண்ணும் தொலையாது சார். எல்லா எண்ணும் அதே லிஸ்ட்லதான் இருக்கும். ஆள்தான் மாறியிருக்கும்."

அப்படியென்றால் அந்த முந்நூற்று இருபது உடுப்பும் அந்த முற்றத்தில் நின்றிருந்த யாரோ ஒருவருக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும். வாட்ச்மேனுடைய சட்டையைத்தான் யாரோ ஒல்லிப் பெண் மேலே போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். சட்டைப்பையில் தைத்த பெயரைப் பிரித்து வேறு பெயர் தைத்தால் போதும். இரண்டு நாள் வேலை. அதைப் போய் எட்டு நாள் உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்தார்கள். அவளும் உட்கார்ந்து பிரித்தாள். தன் கையால் சரியாக எடுத்த அளவுகளையெல்லாம் தப்பு என்று நம்பிப் பிரித்தாள்.

வகுப்பு முடிவதற்குள் மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். டீச்சர் என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது, அவள் உட்கார்ந்து காத்திருந்த படி இதில் எதுவோ என்று ஒரு நினைப்பு வந்தது.

கடையில் தையல்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவள் மட்டும் மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் நேரே கம்ப்யூட்டரைத் திறந்து பழைய லிஸ்டைத் தேடி எடுத்தார். இடுப்பு நாற்பத்தெட்டு என்று இருந்த வரியைப் பார்த்தார். அந்த அளவு அந்தத் தொழிற்சாலையிலேயே வாட்ச்மேன் ஒருவருக்குத்தான் இருக்க முடியும். பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அளவெல்லாம் அவள் ஏற்றிய மாதிரியே, முதலில் அடுப்புப் பிரிவு, கடைசியில் லாரிப் பிரிவு என்று அசையாமல் நின்றிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெயர்கள்தான் அவருடைய வேலை.

ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி கேட்ட கேள்வியைச் சொன்னார், கன்டின்யூவைச் சொன்னார். "நீ ஒரு வரிகூடத் தாண்டல. நான்தான் கெடுத்தேன். தெரியாமத்தான் கெடுத்தேன், ஆனா நான்தான்," என்றார்.

அவள் ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகத்தில் கோபத்தைத் தேடினார், இல்லை. சந்தோஷத்தைத் தேடினார், அதுவும் இல்லை. "நாலாவது நாளா இது?" என்று கேட்டாள்.

"ஆமா. நாலாவது நாள்."

"ரெண்டு மணி நேரம்தான் கேட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்குத் திட்டினது தெருவுக்கே கேட்டுச்சு. இதை மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாச் சொல்றீங்க?"

தான் எவ்வளவு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று மாஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. "அவங்க வரட்டும். அவங்க முன்னாடியும் சொல்றேன். மேனேஜர்கிட்டயும் போய்ச் சொல்றேன்," என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆனால் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அது என்னவென்று மாஸ்டருக்கும் தெரிந்தது. கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தது. அவள் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா உங்க கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ சொல்லிட்டிருந்தார். நான் மருந்தோட வந்தப்ப நிறுத்திட்டார். ஒண்ணுமில்லன்னீங்க. என்ன சொன்னார்?"

பொய் சொல்ல இடமிருந்தது. உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கச் சொன்னார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எந்த அப்பாவும் சொல்லக்கூடியதுதான். மாஸ்டர் அந்தப் பொய்யை நாக்கு நுனிவரை கொண்டுவந்தார்.

"உன்னை மன்னிக்கச் சொன்னார்," என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்பவோ மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது மாஸ்டர் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது. தொடலாமா என்று கையை நீட்டினார். தனக்கு அந்த உரிமை இப்போது இல்லை என்று தோன்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கிழவர் தன் மகள் தப்புப் பண்ணினாள் என்றும், தான் படிக்க வைக்காததுதான் அதற்குக் காரணம் என்றும் நம்பிக்கொண்டே போனார். எந்த வகுப்பில் எதைக் கற்றுக்கொண்டாலும் அதை இனி அவருக்குத் திருத்திச் சொல்ல முடியாது.

காலர்காரரும் காஜாக்காரரும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அக்கா அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மாஸ்டர் எழுந்தார். அன்று எந்த இடத்தில் நின்று கத்தினாரோ அந்த இடத்துக்குப் போனார். பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படியாக, பிஸ்கட் ஆர்டர் கெட்டது தன்னால்தான், அவள் போட்ட அளவு அத்தனையும் சரி, லிஸ்டைக் குலைத்தது தன் கை என்றார். பாதியில் குரல் உடைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

காஜாக்காரர் தர்மசங்கடமாக, "முடிஞ்சு போன கதை மாஸ்டர். இப்ப எதுக்கு அதெல்லாம்? விடுங்க," என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"விட வேண்டாம். முழுசாச் சொல்லட்டும்," என்றாள். "கேக்கறதுக்கு நீங்களாவது இருக்கீங்க."

மாஸ்டர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.